மாமிக்குக் கிடைத்த 11.25 புள்ளியும் மாவட்டத்து ஆலோசனை மையமும்

முதலில் தீர்ப்பைச் சொல்லிவிடுகிறேன்: ஐந்துக்கு நாலு நட்சத்திரம். ஒன்றை ஏன் வெட்டினேன் என்பது பின்னால் வரும்.

நான் எழுதுவது எங்கள் மாவட்டத்துப் பிளேகெஸ்டுட்ஸ்புங்ட் பற்றி. வயதானவர்களையும் வருத்தக்காரரையும் வீட்டில் வைத்துப் பார்ப்பது சம்பந்தமாக யாரும் போய்க் கேட்கக்கூடிய இலவச ஆலோசனை மையம். நாங்கள் இருப்பது ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிறு நகரத்தில். மையம் மாவட்ட நிர்வாக அலுவலகத்துக்குள், கார் பதிவுக்கு ஆட்கள் இலக்கச் சீட்டோடு காத்திருக்கும் அதே கட்டடத்தில், ஒரு நீண்ட நடையின் கடைசி அறை. ஜேர்மனி முழுக்க இப்படி மையங்கள் இருக்கின்றன. சில இடங்களில் பெயர் வேறு. நம்மவர்களில் பலருக்கு இது இருப்பதே தெரியாது. தெரிந்தவர்களுக்கும் ஒரு பயம்: அங்கே போனால் கிழவியைக் கொண்டுபோய் ஹைமில், அதாவது முதியோர் இல்லத்தில், விடச் சொல்லுவார்கள் என்று. எங்களுக்கு அந்தச் சொல்லே அவர்கள் வாயிலிருந்து வரவில்லை.

போக வேண்டி வந்த காரணம், மாமியின் விண்ணப்பத்தைப் பராமரிப்புக் காப்புறுதி, அதாவது பிளேகெகாசே, மறுத்தது. எந்தக் காசே என்று எழுதப் போவதில்லை. எல்லாக் காசேயிலும் இதே கதையோடு ஆட்கள் இருக்கிறார்கள்.

மாமிக்கு 78 வயது. சீனி வருத்தம், இரண்டு முழங்காலும் தேய்வு, இப்போது மறதியும் சேர்ந்துவிட்டது. சாப்பாட்டுக்கு முன் மூன்று முறையும் இரவில் ஒரு முறையும் இன்சுலின் ஊசி. ஒவ்வொரு ஊசிக்கும் முன் சீனி அளவு பார்க்க வேண்டும். நான் ஒரு பேக்கரியில் வாரம் 25 மணித்தியாலம் வேலை செய்கிறேன், எல்லாம் அதிகாலை வேலை. பத்து மணிக்கு வீடு வந்தால் மிச்ச நாள் மாமியோடுதான். கணவருக்கு மாறி மாறி வரும் ஷிப்ட். காலை ஊசியை அவர் அல்லது மகன் போடுவார்கள்.

விண்ணப்பம் போட்ட பிறகு, மாமியின் நிலையைப் பார்த்துப் புள்ளி போட, மதிப்பீட்டுக்கு ஆள் வீட்டுக்கு வந்தது ஒரு காலை ஒன்பது மணிக்கு. திகதியை மாற்றக் கேட்டோம். மாற்றினால் பல வாரம் பிந்தும் என்றார்கள். மொழிபெயர்க்க யாரும் வரவில்லை. அதனால் மாமிக்குப் பக்கத்தில் இருந்து ஜேர்மன் கதைத்தது பதினேழு வயது மகன். மாமி நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு, தேத்தண்ணி போடட்டுமா என்று கேட்டிருக்கிறா. மலசலகூடம் போவதில் ஏதும் சிரமம் உண்டா என்று கேட்டபோது இல்லை என்று தலையாட்டியிருக்கிறா. நான் பிறகு கேட்டபோது, "பேரனுக்கு முன்னால உதை எப்பிடிப் பிள்ளை சொல்லுறது?" என்றா. நியாயமான கேள்வி. நான் என்ன பதில் சொல்ல?

சில வாரத்தில் கடிதம் வந்தது. பிளேகெகிராட், அதாவது பராமரிப்பு நிலை, எதுவும் இல்லை, மொத்தம் 11.25 புள்ளி. முதலாம் நிலைக்கே 12.5 வேண்டும்.

கோயிலில் சந்திக்கிறவர்களிடம் சொன்னால் ஆளுக்கொரு வைத்தியம். நாளுக்கு இத்தனை நிமிடம் பார்க்கிறோம் என்று கணக்குக் காட்டு என்றார் ஒருவர். அது 2017க்கு முந்திய பழைய முறை. அப்போது மூன்று படிகள் இருந்தன, நிமிடக் கணக்குப் பார்த்தார்கள். இப்போது ஐந்து நிலைகள். எத்தனை நிமிடம் என்பதை யாரும் கேட்பதில்லை, தானாகச் செய்ய முடிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். இன்னொருவர், அடுத்த முறை ஆள் வரும்போது மாமியைக் கட்டிலை விட்டு எழும்ப விடாதே என்றார். இதைக் கேட்டு மாமிக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

சரி, மையத்துக்கு வருகிறேன். தொலைபேசியில் நேரம் எடுத்துக்கொண்டு போக வேண்டும். எங்களோடு கதைத்தவர் ஐம்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி. முன்பு தாதியாக இருந்தவர். நான் மாமியின் வருத்தங்களை வரிசையாகச் சொல்லத் தொடங்கினேன். கையைக் காட்டி நிறுத்திவிட்டு, மதிப்பீட்டு அறிக்கை, அதுதான் குட்டாக்டன், கொண்டுவந்தீர்களா என்று கேட்டார். மறுப்புக் கடிதத்தோடு அதுவும் வந்திருந்தது. பல பக்கம், சின்ன எழுத்து, வீட்டில் யாரும் முழுதாக வாசித்திருக்கவில்லை. அவர் மறுப்புக் கடிதத்தை ஒரு பக்கம் தள்ளி வைத்துவிட்டு அறிக்கையைத் திறந்தார். இந்தச் சேவையின் பெறுமதி முழுவதும் அதற்குப் பிறகு நடந்த அந்த ஒரு மணித்தியாலத்தில்தான் இருக்கிறது.

ஆறு பகுதிகள் இருக்கின்றன. நடமாட்டம் நூற்றுக்குப் பத்து. அறிவும் தொடர்பாடலும் ஒரு பகுதி, நடத்தையும் மனநிலையும் இன்னொன்று. இந்த இரண்டில் எது கூடவோ அது மட்டும் எடுபடும், அதற்குப் பதினைந்து. குளிப்பது, உடுப்பது, சாப்பிடுவது, மலசலகூடம் போவது எல்லாம் சேர்ந்த தன்பராமரிப்புக்கு நாற்பது. மருந்து, ஊசி, வைத்தியர் என்று வருத்தத்தோடு வரும் வேலைகளுக்கு இருபது. அன்றாட வாழ்க்கையும் ஆட்களோடு பழகுவதும் பதினைந்து. பல வரிகளில், தானாகச் செய்கிறாரா, பெரும்பாலும் தானாகவா, பெரும்பாலும் உதவியோடா, முற்றிலும் முடியாதா என்று நாலில் ஒரு கட்டத்தில் புள்ளடி.

இவ்வளவும் இணையத்தில் வாசித்தாலும் தெரியும். தெரியாமல் இருந்தது, வரிகளில் சேரும் புள்ளி அப்படியே மொத்தத்துக்குப் போவதில்லை என்பது. தன்பராமரிப்பில் மாமிக்கு இரண்டு புள்ளி போட்டிருந்தார்கள்: குளிப்பதற்கு ஒன்று, இடுப்புக்குக் கீழே உடுப்பதற்கு ஒன்று. அந்தப் பகுதியில் இரண்டு வரைக்கும் மொத்தத்தில் பூச்சியம். மூன்று என்றால் ஒரேயடியாகப் பத்து. எட்டு என்றால் இருபது. ஆக அந்த நாற்பதில் மாமிக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. இன்னும் ஒரேயொரு கட்டம் தள்ளிப் புள்ளடி விழுந்திருந்தால் அன்றைக்கே முதலாம் நிலை வந்திருக்கும். இதை ஆலோசகர் கடதாசியில் எழுதிக் காட்டியபோது கணவர் இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார்.

பிறகு வரி வரியாகக் கேள்வி. மாமி குளிக்கிறா என்றால் யார் தண்ணீரைத் திறக்கிறது? தலைக்கு யார் வார்க்கிறது? கால் யார் துடைக்கிறது? நீங்கள் பக்கத்தில் நிற்காவிட்டால் என்ன நடக்கும்? இந்தக் கடைசிக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். நாங்கள் "குளிக்க உதவி செய்வோம்" என்று ஒரு வசனத்தில் முடித்துவிடுவதை அவர் ஏழெட்டாகப் பிரித்தார். மாமி சேலைப் பாவாடையின் நாடாவைத் தானாகக் கட்டுவா, ஆனால் குனிந்து காலுக்குள் போட முடியாது. கிண்ணத்தில் போட்டு வைத்தால் தானாகச் சாப்பிடுவா. அதில் புள்ளி இல்லை, அதை இழுத்துப் பிடிக்கவும் வேண்டாம் என்றார். எது இல்லையோ அதை இல்லை என்று விட்டதால்தான், எது இருக்கிறதோ அதைச் சொல்லும்போது எனக்குக் குரல் தயங்கவில்லை.

சிறுநீர் விஷயத்துக்கு வந்தபோது கணவரைப் பார்த்து, வெளியே கோப்பி மெஷின் இருக்கிறது, ஒன்று எடுத்து வருகிறீர்களா என்றார். அவர் போனதும் என்னிடம் கேட்டார். இரவில் மாற்றும் பேட், நனைந்த படுக்கை, நேரத்துக்கு எழுப்பிக் கூட்டிக்கொண்டு போவது எல்லாம் சொன்னேன். அறிக்கையில் இதற்குரிய இடத்தில் ஒன்றுமே இல்லை. மகனும் கணவரும் இல்லாத நேரத்தில் பெண் மதிப்பீட்டாளரோடு இதைக் கதைக்க விரும்புவதாக மேன்முறையீட்டுக் கடிதத்திலேயே கேட்கலாம் என்றார். இது எனக்குத் தோன்றவே இல்லை.

ஊசிக் கணக்கும் அப்படித்தான். அறிக்கையில் நாளுக்கு ஒன்று முதல் மூன்று தடவை உதவி என்று இருந்தது. மகன் காலையில் தான் செய்வதை மட்டும் சொல்லியிருக்கிறான், பாவம். அவர் எங்களை எண்ணச் சொன்னார்: நாலு ஊசி, நாலு முறை சீனி பார்ப்பது, மூன்று முறை குளிசை எடுத்துக் கையில் கொடுப்பது. பதினொன்று. நாளுக்கு எட்டுக்கு மேல் போனால் அந்த வரிசைக்கு முழுப் புள்ளி. குளிசைப் பெட்டியை வாரம் ஒரு தடவை நிரப்பி வைப்பது மட்டும் என்றால் அதற்குப் புள்ளி விழாது. எடுத்துக் கொடுத்து விழுங்கினாவா என்று பார்ப்பதும் பெட்டியை நிரப்புவதும் ஒன்றல்ல.

மேன்முறையீட்டுக் கடிதம், விடர்ஸ்ப்ருக், எழுதுவது இந்த முழுக் கதையில் மிக இலேசான பகுதி. மறுப்புக் கிடைத்ததிலிருந்து ஒரு மாதம் அவகாசம். இந்தத் திகதிக் கடிதத்தின் முடிவை நான் ஏற்கவில்லை, காரணங்களைப் பிறகு அனுப்புகிறேன் என்று இரண்டு வரி போதும். மாமியின் கையெழுத்து வேண்டும், அல்லது அவ எழுதிக் கொடுத்த அதிகாரப் பத்திரம். சாதாரண மின்னஞ்சல் செல்லாது. பதிவுத் தபால், இல்லாவிட்டால் நேரில் கொடுத்துப் பிரதியில் முத்திரை வாங்க வேண்டும். செலவு தபால் முத்திரைக் காசு மட்டும்தான். அவகாசம் பற்றிய அறிவிப்பே கடிதத்தில் இல்லாவிட்டால் ஒரு வருடம் வரைக்கும் எதிர்க்கலாம் என்றும் சொன்னார். ஆனால் எங்கள் கடிதத்தின் கடைசிப் பக்கத்தில் அது ஒழுங்காக இருந்தது.

காரணங்களை எழுத அவர் ஒரு நாட்குறிப்புப் படிவம் தந்தார். இரண்டு கிழமை எழுதச் சொன்னார். இதில் எனக்குச் சின்ன மனக்குறை உண்டு. படிவம் ஜேர்மன் வீட்டுக்குச் செய்தது. மாலை ரொட்டித் துண்டு வெட்டிக் கொடுப்பதற்குக் கட்டம் இருக்கிறது. மாமி இரவு இரண்டு மணிக்கு எழும்பிச் சாமிப் படத்துக்கு விளக்கேற்றத் தீப்பெட்டி தேடுவதற்குக் கட்டம் இல்லை. கேட்டேன். அது நடத்தைப் பகுதியில் இரவு அமைதியின்மை என்ற வரி, தீப்பெட்டியை மறக்காமல் எழுதுங்கள் என்றார். எழுதினேன். குடும்ப வைத்தியரின் கடிதமும் கண் வைத்தியரின் அறிக்கையும் சேர்த்து, வரிக்கு வரி இங்கே இப்படி எழுதியிருக்கிறது, உண்மை இப்படி என்று மூன்று பக்கம். வரைவை அவர் பார்த்துத் திருத்தித் தந்தார். நான் எழுதிய கோபமான வசனங்கள் எல்லாவற்றையும் வெட்டியிருந்தார். அதில் ஒன்று நல்ல வசனம், இன்னும் கவலைதான்.

இடையில் காசேயிலிருந்து ஒரு மரியாதையான கடிதம். மறுபடி பரிசீலித்தோம், மாற்றத்துக்கு இடமில்லை போலத் தெரிகிறது, எதிர்ப்பைத் தொடர விரும்புகிறீர்களா, அல்லது மீளப் பெறுகிறீர்களா? கீழே கையெழுத்துக்கு இடம். கணவர் இதோடு முடிந்தது என்று பேனையை எடுத்துவிட்டார். நான் மையத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். இது இறுதி முடிவு இல்லை, தொடர்கிறோம் என்று மட்டும் எழுதி அனுப்புங்கள் என்றார். அந்த ஒரு தொலைபேசிப் பேச்சுக்காகவே இந்த மையத்துக்கு இரண்டு நட்சத்திரம் கொடுக்கலாம். எத்தனை குடும்பம் அந்தக் கோட்டில் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்குமோ.

இரண்டாவது மதிப்பீட்டுக்கு வேறொரு பெண்மணி வந்தார். நேரம் மத்தியானம், நான் வீட்டில். மாமியோடு படுக்கையறையில் நாங்கள் மூன்று பேர் மட்டும், கதவு சாத்தி. மாமியை நடக்கச் சொல்லிப் பார்த்தார், காலுறை போடச் சொல்லிப் பார்த்தார். இன்றைக்கு என்ன கிழமை என்று கேட்டதற்கு மாமி, வெள்ளிக்கிழமை, இன்றைக்கு மச்சம் இல்லை என்றா. அன்று புதன்.

முடிவு 46.25 புள்ளி. நடமாட்டம் ஐந்து, மறதிப் பகுதி 3.75, தன்பராமரிப்பு இருபது, மருந்து வேலைகள் பத்து, அன்றாடம் 7.5. இரண்டாம் நிலை. 27 புள்ளியிலிருந்து 47.5க்குக் கீழே வரை அதற்குள் வரும்.

இரண்டாம் நிலைக்கு 2025 முதல் மாதம் 347 யூரோ பராமரிப்புப் பணம். விண்ணப்பம் போட்ட மாதத்திலிருந்து கணக்குப் பார்த்து மொத்தமாக வந்தது. எதிர்ப்பில் கழிந்த மாதங்கள் வீண் போகவில்லை. இதற்கு மேல் துணைச் சேவைகளுக்கு மாதம் 131 யூரோ, கையுறை, படுக்கை விரிப்பு போன்றவற்றுக்கு 42 யூரோ வரை. 131 கையில் வராது, அங்கீகாரம் பெற்ற சேவைக்குத்தான் போகும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆலோசனைக்கு ஆள் வீட்டுக்கு வரவேண்டும் என்பது கட்டாயம்; தவறினால் பணத்தை வெட்டலாம்.

காசைவிட எனக்குப் பெரிதாகப்பட்டது வேறொன்று, அதையும் ஆலோசகர்தான் சொன்னார். இரண்டாம் நிலை தொடக்கம், வாரம் பத்து மணித்தியாலமாவது இரண்டு நாளுக்குக் குறையாமல் வீட்டில் பார்க்கிறவர், வெளியே வாரம் 30 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யாதவர் என்றால், அவருடைய ஓய்வூதியக் கணக்குக்குக் காசே பணம் கட்டும். என் பேரில். மாமியைப் பார்க்கிற வேலைக்கு இந்த நாட்டில் ஒரு கணக்குப் புத்தகம் இருக்கிறது என்று எனக்கு அதுவரை யாரும் சொன்னதில்லை, வீட்டில் உள்ளவர்கள் உட்பட.

இனி வெட்டிய நட்சத்திரம். முதல் சந்திப்புக்குக் கிடைத்த நேரம், ஒரு மாத அவகாசத்தில் பாதியை விழுங்கிவிட்டது. அவசரம் என்று சொன்ன பிறகுதான், இரண்டு வரிக் கடிதத்தை முதலில் அனுப்பிவிட்டு வாருங்கள் என்று தொலைபேசியில் சொன்னார்கள். அதை முதல் அழைப்பிலேயே எல்லோருக்கும் சொல்லலாமே. தமிழுக்கு மொழிபெயர்ப்பாளர் இல்லை. துருக்கி, ரஷ்ய மொழிகளில் துண்டுப்பிரசுரம் சுவரில் இருக்கிறது. எனக்கு ஜேர்மன் ஓடும், சமாளித்தேன். மாமியின் வயதுக்காரர் இரண்டு பேர் மட்டும் இருக்கும் வீடு என்றால் என்ன செய்வது? மாலை நேரச் சந்திப்பு இல்லை. இரண்டாவது மதிப்பீட்டுக்குக் கூட வந்து இருக்கவும் ஆள் பலம் இல்லை என்றார்கள்.

இன்னொன்று குறை அல்ல, எல்லை. இவர்கள் ஆலோசனை சொல்லுவார்கள், உங்களுக்காக வாதாட மாட்டார்கள். எதிர்ப்பையும் காசேயின் குழு நிராகரித்தால் அடுத்தது சமூக நீதிமன்றம். அதற்கும் ஒரு மாதம்தான். காப்புறுதி எடுத்தவரிடம் அங்கே நீதிமன்றக் கட்டணம் வாங்குவதில்லை. எதிர்ப்புக்கு மூன்று மாதமாக முடிவே வராவிட்டால், முடிவு சொல்லு என்று கேட்கவும் அங்கே போகலாம். அந்தக் கட்டத்துக்கு ஃபவ்டேகா, சோஃபவ்டே போன்ற சமூகநலச் சங்கங்கள் பொருத்தம். உறுப்பினர் ஆகிச் சந்தா கட்டினால் அவர்களே நீதிமன்றம் வரை வருவார்கள். வருமானம் குறைந்தவர்கள் ஊர் நீதிமன்றத்தில் ஆலோசனைச் சீட்டு வாங்கினால் சட்டத்தரணியிடம் 15 யூரோவோடு முதல் ஆலோசனை முடியும். இணையத்தில் நாங்கள் எதிர்ப்பு எழுதித் தருகிறோம் என்று காசு கேட்கும் சேவைகளையும் பார்த்தேன். காட்டிய மாதிரிக் கடிதம் அழகாகத்தான் இருந்தது. ஆனால் அதில் தீப்பெட்டி வராது. எங்களுக்குப் புள்ளி வந்தது அப்படிப்பட்ட வரிகளில்தான்.

கணவருக்கு இன்னும் மனம் ஆறவில்லை. மூன்றாம் நிலைக்கு 47.5 வேண்டும், மாதம் 599 யூரோ. எங்களுக்கு 1.25 குறைவு. முதல் தடவையும் அதே 1.25 தான் குறைந்தது என்று அவர் எல்லோருக்கும் சொல்லித் திரிகிறார். ஆலோசகரின் அபிப்பிராயம், இப்போது அதற்காக மல்லுக்கட்ட வேண்டாம், நாட்குறிப்பை விடாமல் எழுதுங்கள், நிலைமை மாறினால் கூடிய நிலைக்கு எந்த நேரமும் விண்ணப்பிக்கலாம் என்பது. இந்த விஷயத்தில் நான் ஆலோசகர் பக்கம்.

போகிறவர்களுக்கு: தொலைபேசி காலையில் திறந்தவுடன் எடுங்கள், பத்து மணிக்குப் பிறகு இணைப்பே கிடைக்காது. குட்டாக்டன் முழுவதையும் கொண்டுபோங்கள், முதல் பக்கம் மட்டும் போதாது. விண்ணப்பம் போட முன்னரே போகலாம், அதுவும் இலவசம்தான். கார் அங்கே நிறுத்த இடம் கிடைக்காது, பஸ்ஸில் போங்கள்.